நிறுத்தங்கள்

அதிகாலை நாலரை. டவுகாவ்பில்ஸ் பணிமனை.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மூன்றாம் எண் டிராமின் முகத்தில் உறைந்த பனியைச்
சுரண்டும்போதுதான் என் முதல் செபம்:
இன்றைக்கும் நீர்தான் எனக்கு முன்னால் எழுந்திருக்கிறீர்.
அவ்வளவுதான்.
அதற்கு மேல் நீட்டினால் விரல் மரத்துவிடும்.

"லியோகாதியா, உன் ஆண்டவருக்கு டிக்கெட் உண்டா?"
பிரேக் பார்க்கக் குனிந்த ஜிக்ஃப்ரிட்ஸ் கேட்பான், தினமும்.
"மாதாந்தரப் பாஸ்," என்பேன்.
அவன் சிரிக்க ஆரம்பித்தால் இருமலில் முடியும்.
அவன் நெஞ்சுச் சளிக்காகவும் ஒரு வார்த்தை,
வண்டி வாசல் தாண்டுவதற்குள்.

செபமாலை சட்டைப்பையில் கிடக்கிறது.
கை இரண்டும் வேலையில்.
ஆகவே நிறுத்தங்களையே மணிகளாக்கிக்கொண்டேன்.
சந்தைக்கு ஒன்று. மருத்துவமனைக்கு ஒன்று.
மூடிப்போன நூலாலைக்கும் ஒன்று.
அங்கே எவரும் ஏறுவதில்லை.
ஆனாலும் கதவைத் திறப்பேன்.
குளிர் ஏறி உட்கார்ந்து
அடுத்த நிறுத்தம்வரை கூட வரும்.

கதவு திறக்கையில் மூச்சு உள்ளே: ஆண்டவரே.
கதவு மூடுகையில் வெளியே: இதோ இருக்கிறேன்.
போக வரப் பதினேழு பதினேழு, நாளுக்கு ஒன்பது நடை.
முந்நூற்று ஆறு!
பெருக்கிப் பார்த்து ஒருநாள் உள்ளூரக் குளிர்ந்துபோனேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்,
உமக்குத் தெரியாததல்ல.

தவக்காலம் தொடங்கி நாலாம் நாள்.
உச்சந்தலையில் தூவிய சாம்பல்
தொப்பிக்குள் இன்னும் ஒட்டியிருந்தது.
மருத்துவமனை நிறுத்தம்.
இதோ இருக்கிறேன் என்றேன்.
கதவை மூடினேன்.
நகர்ந்த பிறகு பார்த்தேன் பக்கக் கண்ணாடியில்:
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு
ஒரு பெண், ஓடி, நின்று,
உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
மெல்ல இறக்கினாள்.

தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி
நினைத்த இடத்தில் திரும்பாது.
எட்டு நிறுத்தம் கையோடு மனமும் மரத்து ஓட்டினேன்.
இருக்கிறேன் என்றேனே,
எங்கே இருந்தேன்?

திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.
புருவத்தில் பனி.
பாஸை நீட்டிக் காட்டிவிட்டுக் கேட்டாள்,
கோபமாகக்கூட இல்லை:
"உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது அப்போது.
யாரோடு பேசினீர்கள்?"
என் வாயில் பதில் வரவில்லை.
பாதை மாறும் இடத்தில் சக்கரங்கள் கீச்சிட்டன,
அதைச் சாக்காக வைத்து முன்னால் பார்த்துக்கொண்டேன்.

இரவில் வண்டியைப் பெருக்குவது என் ஆன்ம சோதனை.
பின் இருக்கையிலிருந்து முன்னுக்கு வருவேன்,
அன்றைய நாளைத் தலைகீழாக நடப்பதுபோல.
சூரியகாந்தி விதைத் தொலி.
பாதி தின்ற கம்பு ரொட்டி.
யாரிடம் எரிந்து விழுந்தேன்,
யார் நன்றி சொன்னபோது நான் தலையசைக்கவில்லை.
அன்று ஜன்னலோரம் ஒரு கையுறை,
சாம்பல் நிறம், கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல்.
இடக்கை.
அவள் இறக்கிய கை எது என்று
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

தொலைந்த பொருள் பெட்டியில் போடவேண்டும், அதுதான் விதி.
போடவில்லை.
கட்டுப்பாட்டுப் பலகையின் ஓரத்தில் வைத்திருக்கிறேன்,
விரல்கள் மேல்நோக்கி.

இப்போது எண்ணுவதில்லை.
வார்த்தையும் பெரும்பாலும் இல்லை.
கதவு திறந்ததும் கண்ணாடியைப் பார்க்கிறேன்,
கடைசிக் கால் படியேறும்வரை,
குடை மடங்கும்வரை,
குழந்தை வண்டியின் பின்சக்கரம் உள்ளே வரும்வரை.
இரண்டு நிமிடம் தாமதமாகிறது நடைக்கு.
மேலாளர் கடிதம் கொடுத்திருக்கிறார்.

சில நாள் தூக்கக் கலக்கத்தில்
பழைய கணக்கு தானாய் ஓட ஆரம்பிக்கும், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
அப்போது கண்ணாடியில் மூடுபனி.
ஜன்னலைத் திறந்து,
வெறும் கையால் துடைக்கிறேன்.
ஆண்டவரே,
யார் அங்கே?
கொஞ்சம் பொறும், கதவு திறந்தேதான் இருக்கிறது.